கொலுவுக்குள் புகுந்த எஞ்சின்

தனியாக இருக்கிறவனுக்கு வேலை நாள் எல்லாம் பிரச்சினை இல்லை. லீவு நாள்தான் பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்றைக் கண்டுபிடித்தவன் கண்டிப்பாகக் குடும்பஸ்தனாகத்தான் இருப்பான்.

நான் லேத் ஓட்டுகிறவன். ஹைதராபாத் பாலாநகரில் ஒரு பட்டறை. விமானத்துக்குப் போகிற புஷ், பின் மாதிரி சின்னச் சின்ன பாகங்கள் கடைவோம். (நான் விமானத்தில் ஏறியதில்லை. ஏறினாலும் தூக்கம் வராது. எந்த புஷ்ஷை எவன் கடைந்தான் என்று தெரியுமே.) ஒன்பதாவது ஃபெயில். சொந்த ஊர் வாலாஜா பக்கம். அம்மா போன பிறகு ஊருக்குப் போக வேலை இல்லாமல் போய்விட்டது. அண்ணன் வீடு இருக்கிறது. அது அண்ணன் வீடு.

அந்தக் காலத்தில் ஹைதராபாத் என்றாலே கம்ப்யூட்டர். ஊரில் எனக்குப் பெண் பார்த்தார்கள்.

"பையன் எங்க இருக்காரு?"

"ஹைதராபாத்."

பெண் வீட்டார் முகம் மலரும். "சாஃப்ட்வேரா?"

"லேத்து."

காபி வருவதற்குள் மலர்ந்தது மூடிவிடும். ஒரு வீட்டில் மட்டும் பெண்ணின் சித்தப்பா, "லேத்துன்னா புது லாங்வேஜா?" என்று ஆசையாகக் கேட்டார். "இரும்பு" என்றேன். அதற்குப் பிறகு எனக்கு யாரும் பெண் பார்க்கவில்லை.

ஆக, பட்டறைக்குப் பின்னால் ஒரு ரூம். ஒரு ஸ்டவ், ஒரு கட்டில், நான். ஞாயிற்றுக்கிழமை மெஷின் எல்லாம் நின்றுவிடும். பாலாநகருக்கே காது அடைத்த மாதிரி இருக்கும். காலையில் டீக்கடையில் "ஏக் சாய்" என்பேன். மத்தியானம் மெஸ்ஸில் "சாம்பார்" என்பேன். படுக்கும்போது யோசித்துப் பார்த்தால் அன்றைக்குப் பேசினது அவ்வளவுதான். வாய்க்கும் லீவு.

அப்படி இருந்தபோதுதான் நடராஜன் சார் பட்டறைக்கு வந்தார்.

டிஃபன்ஸ் ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். அல்வாலில் வீடு. வெள்ளைக்காரன் காலத்தில் தாத்தா செகந்திராபாத்துக்கு வந்து, அப்படியே தங்கிப்போன குடும்பம். கையில் ஒரு ஷூ டப்பா. எங்கள் முதலாளியிடம் தெலுங்கில் ஏதோ சொல்லி டப்பாவைத் திறந்தார். முதலாளி எட்டிப் பார்த்தார். சிரித்தார்.

"பொம்ம ரைலா சார்? இக்கட விமானம் பார்ட்ஸ் சேஸ்தாம்!" இங்கே செய்வது விமான பார்ட்ஸாம்.

உள்ளே ஒரு ரயில் எஞ்சின். ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூட. தகரத்தில் செய்தது. பச்சைப் பெயிண்ட் பாதி உரிந்திருந்தது. சாவி கொடுத்தால் ஓடுகிற ஜாதி. ஸ்பிரிங் செத்திருந்தது. ஒரு சக்கரத்தைக் காணோம்.

சார் டப்பாவை மூடிக்கொண்டே தமிழில் தனக்குத்தானே சொன்னார். "ஹவ், ஆமா, நமக்குத்தான் பைத்தியம்."

நான் மெஷினை நிறுத்தினேன். "சார், குடுங்க பார்க்கலாம்."

சார் விஷயத்தைச் சொன்னார். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார ஆபீசர் அவருடைய அப்பாவுக்குக் கொடுத்த எஞ்சின் அது. தண்டவாளமும் உண்டு. நவராத்திரிக்குக் கொலு வைத்தால், படிக்குக் கீழே பார்க் கட்டி, அதைச் சுற்றி இந்த ரயிலை விடுவார்களாம். ஸ்பிரிங் போனதிலிருந்து டப்பாவில் கிடக்கிறது. "இந்த நவராத்திரிக்கு ஓடியே ஆகணும்" என்றார்.

"வச்சிட்டுப் போங்க சார். அடுத்த வாரம் வாங்கிக்குங்க."

"நக்கோ, நக்கோ, வேணாம். இது வீட்டை விட்டு வெளிய வந்ததே இன்னிக்குத்தான். நீ வீட்டுக்கு வந்து பண்ணு. ஞாயித்துக்கிழமை வந்துடு. சாப்பாடு நம்ம வீட்ல."

ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு. தமிழில். நான் அதற்கு முன்னும் பின்னும் எதற்கும் அவ்வளவு வேகமாகச் சரி சொன்னதில்லை.

போயின்பள்ளி வழியாக பஸ் பிடித்துப் போனேன். வாசலில் சாருடைய சம்சாரம் சகுந்தலா அக்கா நின்றிருந்தார். முதலில் அவர் பார்த்தது என் காலை.

"என்ன தம்பி, செருப்புல கம்பி?"

"ரெண்டு செருப்புலயும் வார் அறுந்திடுச்சு அக்கா. பைண்டிங் வயர் போட்டிருக்கேன். இனிமே ஆயுசுக்கும் போகாது."

"செருப்புக்கா, உனக்கா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

அவர்களுக்கு ஒரே பெண், உமா. அமீர்பேட்டில் என்னவோ கோர்ஸ் முடித்து மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை. தமிழ் புரியும். பதில் மட்டும் எந்த பாஷையில் வரும் என்று அவளுக்கே தெரியாது. எஞ்சினை நான் பிரித்துப் போட்டதும் வந்து குந்திப் பார்த்தாள்.

"அங்கிள், ஈ எஞ்சின் எந்த வெர்ஷன்?"

"பழசு."

"அப்கிரேட் கர்தோ அங்கிள்!"

அப்கிரேட். அந்த வார்த்தையை நான் அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். நல்ல வார்த்தை மாதிரிதான் இருந்தது.

மத்தியானம் மோர்க்குழம்பு, கோங்குரா துவையல். அக்கா பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டார். மெஸ்ஸில் அப்படி யாரும் கேட்க மாட்டார்கள். தட்டை நீட்டினேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் நீட்டினேன். அன்றைக்கு நான் சாப்பிட்ட சாப்பாட்டில் எஞ்சினையே வாயால் ஊதி ஓட்டியிருக்கலாம்.

சில ஞாயிறுகள் போயின. ஸ்பிரிங் செய்து போட்டேன். இல்லாத சக்கரத்தைப் பித்தளையில் கடைந்தேன். அச்சை நிமிர்த்தினேன். பச்சைப் பெயிண்ட் அடித்தேன். தண்டவாளத்தைத் தேய்த்து, கூடத்தில் வட்டமாகப் போட்டு, சாவி கொடுத்துவிட்டேன். எஞ்சின் இரண்டு சுற்று அழகாக ஓடி நின்றது.

சார் கைதட்டினார். "சபாஷ்! முடிஞ்சு போச்சு!"

முடிந்து போச்சு என்றால் அடுத்த ஞாயிறு? ஏக் சாய். சாம்பார்.

"முடியல சார்" என்றேன்.

"ஏன்? ஓடுதே!"

"இது சாவி எஞ்சின். ரெண்டு சுத்துல நின்னுடும். கொலு பார்க்க வர்றவங்க முன்னாடி குந்திக்கிட்டு சாவி குடுத்துட்டே இருப்பீங்களா? மோட்டார் போடணும். அப்கிரேட்."

உமா கை கொட்டினாள். சாருக்குக் கண் பளபளத்தது. அக்கா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் வத்தக்குழம்பு" என்றார்.

இப்படித்தான் ஆரம்பித்தது.

பட்டறையில் பழைய ஸ்க்ரூ டிரைவர் மெஷின் ஒன்று கிடந்தது. தேக்குமரக் கதவில் திருகை வெண்ணெயில் இறக்குகிற மாதிரி இறக்கும். அதன் மோட்டாரை எடுத்து எஞ்சினுக்குள் வைத்தேன். பலம் தாங்காமல் சக்கரம் வழுக்கியது. அதற்கு இன்னொரு ஞாயிறு. உள்ளே ஈயத்தை உருக்கி ஊற்றிக் கனமாக்கினேன். மோட்டாருக்கு பேட்டரி வேண்டும். அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கிளாஸ்காரர்கள் கழித்துப் போட்ட யுபிஎஸ் பேட்டரி கிடைத்தது. (அமீர்பேட்டுக்குப் போனவர்கள் எல்லாம் ஜாவா வாங்கி வந்தார்கள். நான் பேட்டரி வாங்கி வந்தேன்.) அது செங்கல் கனம். எஞ்சினில் ஏறாது. அதற்குத் தனியாக ஒரு பெட்டி செய்து பின்னால் மாட்டினேன். அதற்கு ஒரு ஞாயிறு. வேகம் அதிகமாக இருந்தது. குறைக்க நடுவில் ஒரு ரெகுலேட்டர் வைத்தேன். அதற்கு ஒரு ஞாயிறு. சுவிட்ச் டிரைவர் நிற்கிற இடத்துக்குள்ளே. ஒரு விரல் விட்டுத்தான் போட முடியும்.

பிறகு ஹெட்லைட். பிறகு ஹாரன். ஹாரனுக்கு எனக்குக் கிடைத்தது கார் ரிவர்ஸ் எடுக்கும்போது பாடுமே, அது. ஏதோ இந்திப் பாட்டு. எஞ்சின் முன்னால் போகும், சத்தம் மட்டும் பின்னால் வருகிற சத்தம்.

"கைக்கு தம்பி, எதுக்கு இதெல்லாம்?" என்று அக்கா ஒருநாள் கேட்டார்.

"பாதுகாப்பு அக்கா."

எல்லாம் போட்டு முடித்தபோது அது பொம்மை மாதிரி இல்லை. காளை மாடு மாதிரி இருந்தது. அந்தப் பச்சைப் பெயிண்டுக்குள் ஒரு முரட்டு ஆள் உட்கார்ந்திருந்தான். ரெகுலேட்டர் மட்டும்தான் அவன் மூக்கணாங்கயிறு.

நவராத்திரிக்கு முந்தின வாரம் அக்கா சமையல்கட்டிலிருந்து விஷயத்தைச் சொன்னார். "வெள்ளிக்கிழமை உமாவைப் பார்க்க வராங்க தம்பி. கொலு பார்க்கிற மாதிரி சும்மா வர்றது. பிடிச்சா பேசலாம், பிடிக்கலன்னா சுண்டலோட போச்சு. பையன் ஹைடெக் சிட்டில வேலை. அவங்க அம்மா நல்லா பாடுவாங்களாம். அதான் சார் ரயில், ரயில்னு பறக்கிறார். நீயும் வந்துடு. நீ இல்லாம யார் ஓட்டுறது?"

சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே இன்னொரு கணக்கும் ஓடியது. நவராத்திரி முடிந்தால் எஞ்சின் டப்பாவுக்குள் போய்விடும். அப்புறம் நான் என்ன சாக்கில் இந்தப் படி ஏறுவது? ஒன்றுதான் வழி. அன்றைக்கு வந்தவர்கள் வாயைப் பிளக்கிற மாதிரி எஞ்சின் ஓட வேண்டும். ஓடினால் சார் அடுத்து ஒரு சிக்னல் கேட்பார். ஒரு ஸ்டேஷன் கேட்பார். ஒரு பாலம் கேட்டால் வருஷம் ஓடிவிடும்.

வாயைப் பிளக்க வைக்க என்ன செய்யலாம் என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். பூஜை அலமாரியில் கம்ப்யூட்டர் சாம்பிராணி பாக்கெட் இருந்தது. கூம்பு மாதிரி இருக்குமே, பற்றவைத்தால் புகைந்துகொண்டே இருக்கும். (கம்ப்யூட்டருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று உமாவைக் கேட்டேன். ஆபீசில் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாள்.) எடுத்து எஞ்சின் புகைபோக்கியில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது.

"பத்தவச்சுப் பார்க்கட்டுமா அக்கா?"

"ஐயையோ, நக்கோ! சாம்பிராணியை வச்சு விளையாடுவாங்களா? கொலு வச்ச பிறகு சாமி முன்னாடி ஏத்திக்கோ."

சாமி விஷயம். கூம்பைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டேன். பட்டறையில் ஒரு புஷ்ஷைக்கூட ட்ரையல் பார்க்காமல் வெளியே அனுப்பாதவன், அந்த எஞ்சினை ட்ரையல் பார்க்காமல் விட்டேன்.

வெள்ளிக்கிழமை முதலாளியிடம் சொல்லிவிட்டு சீக்கிரம் கிளம்பினேன். நல்ல சட்டை. தலைக்கு எண்ணெய். வாசலில் செருப்புக் கும்பல். பெரும்பாலும் பெண்கள் செருப்பு, தங்கக் கலர் வார் போட்டது, குதிகால் வைத்தது. என் கம்பிச் செருப்பை ஓரமாக விட்டேன்.

உள்ளே கொலு ஜம்மென்று இருந்தது. ட்ரங்குப் பெட்டி, பிஸ்கட் டின், பலகை எல்லாம் அடுக்கிப் படி கட்டியிருந்தார்கள். கீழ்ப்படிக்கு உமா கம்ப்யூட்டர் வாங்கின அட்டைப்பெட்டி. எல்லாவற்றையும் மறைத்து மேலிருந்து கீழே வரை சாருடைய வெள்ளை வேட்டிகள். மேலே கலசம். அதற்குக் கீழே வரிசையாக தசாவதாரம். தரையில் பார்க். கேழ்வரகு முளைக்கப் போட்டுப் புல்வெளி. தட்டில் தண்ணீர் ஊற்றிக் குளம். குளத்தங்கரையில் செட்டியார் பொம்மை மளிகைக் கடை வைத்திருந்தார். இதையெல்லாம் சுற்றித் தண்டவாளம்.

மாப்பிள்ளைப் பையன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். உமா எதிரே புடவையில். இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சுண்டல் தட்டோடு பாயில். பையனின் அம்மா பட்டுப்புடவையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார்.

"ஒரு பாட்டுப் பாடுங்களேன்" என்றார் அக்கா.

அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லவே இல்லை. சுருதிப் பெட்டி கையோடு வந்திருந்தது. அதை ஓடவிட்டு, கண்ணை மூடி, ஆரம்பித்துவிட்டார். நல்ல கனமான குரல்.

சார் எனக்குக் கண்ணைக் காட்டினார். பாட்டுக்கு நடுவில் சத்தமில்லாமல் ரயில் கிளம்பினால் எப்படி இருக்கும்!

சாம்பிராணியைப் பற்றவைத்துப் புகைபோக்கியில் வைத்தேன். விரலை விட்டு சுவிட்சைப் போட்டேன். எஞ்சின் நகர்ந்தது. ஹெட்லைட் எரிந்தது. புகை சுருள் சுருளாக வந்தது. புல்வெளி, குளம், செட்டியார் கடை எல்லாவற்றையும் சுற்றி வந்தது. பாயில் இருந்தவர்கள் சுண்டலை மறந்தார்கள். பையன் நாற்காலியில் இருந்து இறங்கித் தரையில் குந்தினான். சார் என் தோளைப் பிடித்து அழுத்தினார். அந்த அழுத்தத்தில் ஒரு சிக்னல், ஒரு ஸ்டேஷன், ஒரு பாலம் மூன்றும் இருந்தன. என் வாழ்க்கையில் அதுதான் பெரிய நேரம். இரண்டு சுற்று நீடித்தது.

மூன்றாவது சுற்றில் வேறு வாசனை வந்தது. சாம்பிராணி இல்லை. வயர் தோல் உருகுகிற வாசனை. எனக்குத் தெரிந்த வாசனை.

புகைபோக்கிக்கு நேர் கீழேதான் ரெகுலேட்டர். சாம்பிராணிச் சூட்டில் அதன் வயர் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது. மூக்கணாங்கயிறு அறுந்தது. பேட்டரியின் முழுப் பலமும் மோட்டாருக்கு.

எஞ்சின் ஒரு தடவை முக்கியது. பிறகு பறந்தது. ஹாரன் தானாக மாட்டிக்கொண்டு இந்திப் பாட்டைப் பாட ஆரம்பித்தது. வளைவில் திரும்புவதற்கெல்லாம் அதற்குப் பொறுமை இல்லை. தண்டவாளத்தை விட்டு நேராக இறங்கியது. கேழ்வரகு வயலைக் கிழித்தது. குளத்தில் பாய்ந்து மாப்பிள்ளை பேண்டை நனைத்தது. செட்டியாரை மளிகையோடு சாய்த்தது. ஒரு செங்கல் பேட்டரியை இழுத்துக்கொண்டு, வேட்டியைத் தூக்கிக்கொண்டு, கொலுப் படிக்குள் புகுந்துவிட்டது.

"முருகேசு! பிரேக்! பிரேக் போடு!" சார் கத்தினார்.

"பிரேக் வைக்கல சார்!"

(ஹெட்லைட் வைத்தேன். ஹாரன் வைத்தேன். புகை வைத்தேன். பிரேக் வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. நிறுத்துகிற எண்ணமே இல்லாதவனுக்கு எப்படித் தோன்றும்?)

உள்ளே பிஸ்கட் டின்கள் தடதடத்தன. படிகளுக்கு நடுவிலிருந்து புகை வந்தது. பொம்மைகள் எல்லாம் ஒன்றாகத் தலையாட்டின. தலையாட்டாத பொம்மைகளும் ஆட்டின. அக்கா ஸ்டூலில் ஏறிக் கலசத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஆஃப் கர்தோ அங்கிள்!" உமா அலறினாள்.

நான் குப்புற விழுந்து வேட்டிக்குள் தலையை விட்டேன். இடுப்பு வரை கொலுவுக்குள். கால்கள் இரண்டும் வெளியே புல்வெளியில். உள்ளே இருட்டு, புகை, இந்திப் பாட்டு. எஞ்சின் அட்டைப்பெட்டியை முட்டிக்கொண்டு நின்றது. கை வைத்தேன். சுட்டது.

பட்டறையில் சூடான ஜாபை, அதாவது கடைகிற இரும்பை, வேஸ்ட் துணியால்தான் பிடிப்போம். யோசிக்கவே வேண்டாம், கை தானாகத் துணியைத் தேடும். தேடியது. பக்கத்திலேயே நல்ல துணி கிடைத்தது. இரண்டு கையாலும் பிடித்துப் பலமாக இழுத்தேன்.

அது கொலுவுக்குப் போட்ட வேட்டி.

முதலில் மச்சாவதாரம் என் முதுகில் விழுந்தது. பிறகு கூர்மம். பிறகு வராகம். வரிசை தப்பாமல் வந்தார்கள். கல்கி வருவார், வருவார் என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள். எனக்கு அன்றைக்கே வந்துவிட்டார்.

எஞ்சின் அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் வெளியேறியது. பாயைச் சுருட்டியது. பெண்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். கடைசியில் சுவரில் மோதி, கவிழ்ந்து, சக்கரம் நாலும் மேலே சுற்ற, பாடிக்கொண்டே கிடந்தது. பையன்தான் போய் வயரைப் பிடுங்கினான்.

இந்திப் பாட்டு நின்றது. சுருதிப் பெட்டி இன்னும் ஒலித்தது. அந்த அம்மா அப்போதுதான் கடைசி வரியை நீட்டி முடித்தார். கண்ணைத் திறந்தார். நானும் வேட்டிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தேன். தலையில் கேழ்வரகு முளை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

உமாவைப் பார்த்தேன். முகத்தை முந்தானையால் மூடியிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள். பெண் பார்க்க வந்த இடம். போச்சு. எல்லாம் போச்சு.

எழுந்தேன். வாசலுக்குப் போனேன். கிடைத்த செருப்பில் காலை விட்டேன். ஓடினேன்.

பஸ்ஸில்தான் கவனித்தேன். இடது காலைவிட வலது கால் உயரமாக இருந்தது. குனிந்து பார்த்தேன். இடது காலில் பைண்டிங் வயர். வலது காலில் தங்கக் கலர் வார், குதிகால். கண்டக்டர் என் காலைப் பார்த்தார். தலையில் முளைத்திருந்த கேழ்வரகைப் பார்த்தார். டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார். நல்ல மனிதர்.

அதற்குப் பிறகு நான் அல்வால் பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஏக் சாய். சாம்பார். மெஸ்ஸில் ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் தட்டை நீட்டிவிட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் நீட்டினேன். பரிமாறுகிறவன், "க்யா?" என்றான். "ஒண்ணும் இல்ல" என்று எடுத்துக்கொண்டேன். முன்பெல்லாம் ரூம் இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை.

அந்தச் செருப்பைப் பேப்பரில் சுற்றி டூல்ஸ் பெட்டி மேல் வைத்திருந்தேன். திருப்பிக் கொடுக்கவும் முகம் இல்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. அதன் பக்கிள் கொஞ்சம் ஆடியது. ஒரு ஞாயிறு, வேறு வேலை இல்லாமல், சின்ன ரிவெட் அடித்து அதைச் சரி செய்தேன்.

இன்னொரு ஞாயிறு யாரோ கதவைத் தட்டினார்கள். என் கதவை யாரும் தட்டியதில்லை. அதனால் பக்கத்து ரூம் என்று நினைத்தேன். மறுபடியும் தட்டினார்கள்.

நடராஜன் சார். கையில் கேரி பேக். உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து, சுற்றிப் பார்த்தார். பார்க்க அதிகம் இல்லை. சீக்கிரம் முடிந்துவிட்டது. கேரி பேக்கிலிருந்து என் வலது கால் செருப்பை எடுத்துக் கீழே வைத்தார்.

"சம்பந்தியம்மா குடுத்தனுப்பினாங்க. அவங்களோடது எங்க?"

எனக்கு முதலில் செருப்புதான் கண்ணில் பட்டது. பிறகுதான் காதில் விழுந்தது.

"யாரு சார்?"

"சம்பந்தியம்மா. அன்னிக்குப் பட்டுப்புடவை, ஒரு கால்ல தங்கம், ஒரு கால்ல உன் கம்பி. அப்படியே ஆட்டோ ஏறிப் போனாங்க."

"அப்ப… முடிஞ்சுதா சார்?"

"தை மாசம் கல்யாணம்."

"உமா அழுதாளே சார்!"

"அழுதாளா? அவளும் அந்தப் பையனும் அன்னிக்குச் சிரிக்க ஆரம்பிச்சவங்க. இன்னும் ஃபோன்ல சிரிச்சுட்டு இருக்காங்க. பில்லுதான் எகிறுது."

"அந்த அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாங்க. எந்த வீட்டுக்குப் போனாலும் பாதிப் பாட்டுல காபியை நீட்டிடுவாங்களாம். பாட்டை முழுசாப் பாட விட்ட வீடு நம்மளுதாம். நாம கத்தினதெல்லாம் ரசிச்சுக் கத்தினதா நினைச்சுட்டாங்க."

நான் பேப்பரைப் பிரித்து அந்தச் செருப்பைக் கொடுத்தேன். சார் பக்கிளை ஆட்டிப் பார்த்தார். "இதையும் அப்கிரேட் பண்ணிட்டியா?"

வாசலில் நின்று, தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எஞ்சின் கவுந்தது கவுந்தபடி கிடக்கு. அக்கா கேட்கச் சொன்னா. ஏன் வரலைன்னு."

"வரேன் சார்."

"வர்ற ஞாயிறு புளிக்குழம்பு" என்றார்.

போனேன்.

இப்போது உமாவுக்கே பள்ளிக்கூடம் போகிற பெண் இருக்கிறாள். அந்த வீட்டில் எது முடியாமல் இழுத்தாலும் அதற்குப் பேர் முருகேசு எஞ்சின். வருஷக்கணக்கில் கட்டுகிற பாலம் முருகேசு எஞ்சின். மாப்பிள்ளையின் ஆபீஸ் ப்ராஜெக்ட் முருகேசு எஞ்சின். ஒவ்வொரு நவராத்திரிக்கும் எஞ்சினைத் தண்டவாளத்தில் நிறுத்தி, ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டி வைக்கிறார்கள், மாட்டைக் கட்டுகிற மாதிரி. வந்தவர்களுக்கு மாப்பிள்ளை முழுக்கதையும் சொல்வார். கல்கி முதுகில் விழுகிற இடம் வந்ததும் என்னை எழுந்து நிற்கச் சொல்வார். நிற்பேன். சம்பந்தியம்மா இப்போதும் பாடுகிறார். செருப்பைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டுதான் பாடுகிறார்.

"தாத்தா, எஞ்சின் எப்போ ரெடி?" என்று உமாவின் பெண் கேட்பாள்.

"ரெண்டு வாரம்" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள்.

நான்தான் இழுத்தடிக்கிறேன் என்று உமா சொல்கிறாள். அது முழுக்க உண்மை இல்லை. கல்யாணம் முடிந்த வருஷமே நான் எஞ்சினை நிஜமாகவே முடித்துவிட்டேன். சின்ன மோட்டார், கூடவே பிரேக். பூனை மாதிரி ஓடியது. துடைத்து, டப்பாவில் வைத்து, அக்கா கையில் கொடுத்துவிட்டு, சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். வாரம் முடிவதற்குள் பட்டறைக்கு சார் ஃபோன். "ஓடலப்பா. என்னன்னு பாரு."

போய்ப் பிரித்தேன். மோட்டாருக்குப் போகிற வயர் துண்டாகியிருந்தது. வயர் தானாக அறுந்தால் முனை இழுபட்டு, பிசிறு பிசிறாக இருக்கும். இது ஒரே வெட்டு. சுத்தமான வெட்டு. தலையைத் தூக்கிப் பார்த்தேன். பால் பாக்கெட் வெட்டுகிற கத்தரிக்கோல் சமையல்கட்டு ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா அடுப்பைப் பார்த்து நின்றிருந்தார்.

"என்ன தம்பி, பெரிய ரிப்பேரா?" திரும்பாமலே கேட்டார்.

"கொஞ்சம் பெரிசுதான் அக்கா."

"அப்ப உனக்கும் சேர்த்து அரிசி போடறேன்."